கூச்சோஸ் இரவு மேசை: லித்துவேனியாவின் டிசம்பர் 24, செய்முறையும் அளவும் பிழைகளும்

நெமுனாஸ்கரை

லித்துவேனியாவில் டிசம்பர் 24 இரவுச் சாப்பாட்டுக்குக் கூச்சோஸ் என்று பெயர். மறுநாள் கிறிஸ்துமஸைவிட இந்த இரவுக்குத்தான் அங்கே கனம் அதிகம். தமிழில் இதைப் பற்றி வருவதெல்லாம் "12 வகை உணவு உண்பார்கள்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. இந்த இழையில் அளவோடும் காரணத்தோடும் எழுதுவோம். எது எப்படிக் கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மேசையை நான் தொடங்குகிறேன். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை, மது ஐந்தும் கிடையாது. மீன் உண்டு. பகல் முழுக்கப் பட்டினி அல்லது அரைவயிறு. வீடு பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றி, எல்லோரும் குளித்து முடித்திருக்க வேண்டும். வாங்கிய கடன்பொருளை அன்றைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவது பழைய வழக்கம்.

மேசைப் பலகை மேல் உலர்ந்த புல், அதன்மேல் வெள்ளை லினன் துணி. புல்லை ஒரு விரற்கடைக்கு மேல் பரப்பாதீர்கள். தட்டும் குவளையும் சாய்வதற்கு இதுதான் காரணம். பரப்பியபின் ஒரு பலகையை வைத்து அழுத்தி எடுத்தால் சமமாகிவிடும். புல் நல்ல மணமுள்ளதாக, தூசி தட்டியதாக இருக்கட்டும். ஈரப்புல் இரண்டு மணி நேரத்தில் துணியில் பச்சைக் கறை போட்டுவிடும்.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்கார வேண்டும் என்பது மரபு. வில்னியூஸில் அன்று சூரியன் மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். வானம் பெரும்பாலும் மூட்டமாக இருப்பதால் பல வீடுகளில் 5, 6 மணிக்குத் தொடங்கிவிடுகிறார்கள். தேவாலயத்திலிருந்து வாங்கிவந்த கலேடாய்திஸ் என்ற மெல்லிய, புளிக்காத அப்பத்தை வீட்டுத் தலைவர் எடுத்து அடுத்தவருக்கு நீட்டுவார். ஒவ்வொருவரும் மற்றவர் கையிலிருப்பதில் ஒரு துண்டு முறித்துக்கொண்டு வாழ்த்துச் சொல்வார்கள். அதன்பிறகே கரண்டியைத் தொட வேண்டும்.

அந்த ஆண்டில் வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவருக்கு ஓர் இடம் போடுவார்கள். வெற்றுத் தட்டு, ஒரு சிறு ஸ்ப்ரூஸ் கிளை, ஒரு மெழுகுவர்த்தி. இந்த ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மேசையின் மற்ற விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும்.

அம்மிக்குழவி

கசகசாப் பாலை நான் எழுதுகிறேன். அங்கே அகுவோனு பியெனஸ் என்பார்கள். அதிகம் பிழையாகிப்போவது இதுதான்.

6 பேருக்கு 200 கிராம் கசகசா, 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், 3 அல்லது 4 மேசைக்கரண்டி தேன் அல்லது சர்க்கரை. கசகசாவைக் குளிர்ந்த நீரில் இரண்டு தடவை அலசி, மிதக்கும் உமியை ஊற்றிவிடுங்கள். பிறகு கொதிநீர் ஊற்றி மூடி ஓர் இரவு ஊறவையுங்கள். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் நசுங்க வேண்டும். நசுங்காமல் உருண்டால் இன்னும் ஊறவில்லை. தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு அரைக்கவும். பழைய வீடுகளில் உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் மரக்குழவியால் தேய்ப்பார்கள். இப்போது கைமா இயந்திரத்தின் மிகச் சின்னத் துளைத்தட்டில் மூன்று தடவை விடுகிறார்கள். மூன்றாவது தடவைதான் முக்கியம். வெள்ளைச் சாறு கசியத் தொடங்கினால் அரைத்தது போதும் என்று பொருள்.

மிக்ஸியில் அரைப்பதென்றால் தண்ணீர் கொஞ்சமாக விட்டு, 30 நொடிக்கொரு தடவை நிறுத்தி அரையுங்கள். விடாமல் ஓட்டினால் விழுது சூடேறி எண்ணெய் பிரிந்துவிடும், பால் திரிந்ததுபோல் தெரியும். அரைத்ததில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்து, வேட்டித்துணியில் வடித்து, பிழிந்து, கடைசியில் இனிப்பைச் சேருங்கள். நன்றாகக் குளிர வையுங்கள்.

கசந்தால் காரணம் ஒன்றுதான்: கசகசா பழசு. அதன் எண்ணெய் சிக்கெடுத்துவிட்டது. வாங்கும்போதே ஒரு சிட்டிகை மென்று பாருங்கள். அரைத்து விற்கும் பொடியை வாங்கவே வேண்டாம், அது இன்னும் வேகமாகச் சிக்கெடுக்கும். பால் ஒரு நாளுக்குமேல் நிற்காது. 23ஆம் தேதி இரவு ஊறப்போட்டு, 24 காலை அரைப்பதுதான் சரியான கணக்கு.

புதுக்கரண்டி

இரண்டு சந்தேகம். நம்ம கடைகளில் கிடைக்கிற வெள்ளைக் கசகசாவில் செய்யலாமா? சிங்கப்பூரில் இருக்கிறவங்க இதை எப்படிச் செய்றது?

அம்மிக்குழவி

வெள்ளையில் தாராளமாகச் செய்யலாம். லித்துவேனியாவில் புழங்குவது நீலச்சாம்பல் நிறக் கசகசா. அதன் தோல் துணுக்குகள் கலப்பதால் பால் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும், மண்வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நம் வெள்ளைக் கசகசாவில் பால் வெளுப்பாகவும் சுவை மென்மையாகவும் வரும். அளவு அதேதான்.

சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம்கூட வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே இருப்பவர்கள் பாதாம் பாலில் செய்யுங்கள். 200 கிராம் பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, 1 லிட்டர் நீர். லித்துவேனிய வீடுகளிலேயே இப்போது சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

கொதிநீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. விதையின் மேல் ஒட்டியிருக்கும் அபின் சார்ந்த பொருள்கள் அதில் பெருமளவு கழுவிப்போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் கசகசாவில் இந்தப் பொருள்களுக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் ஊறவைத்த நீரைப் பாலில் சேர்க்கவே கூடாது.

அடுமனைத்திட்டு

பாலில் போடும் கூச்சுகாய்க்கு வருவோம். சுண்டுவிரல் நுனி அளவுள்ள சின்ன, உலர்ந்த, ஈஸ்ட் ரொட்டி உருண்டைகள். சில வட்டாரங்களில் ஷ்லிஷிகாய் என்றும் ப்ரேஸ்குச்சாய் என்றும் சொல்வார்கள். பொருள் ஒன்றுதான்.

500 கிராம் மைதா, 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 25 கிராம் பச்சை ஈஸ்ட் அல்லது 7 கிராம் உலர் ஈஸ்ட், 80 கிராம் சர்க்கரை, 60 மில்லி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, 40 கிராம் கசகசா. ஈஸ்டை நீரிலும் ஒரு கரண்டி சர்க்கரையிலும் கரைத்து 10 நிமிடம் விடுங்கள், நுரை கட்ட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து 10 நிமிடம் பிசைந்து, எண்ணெயைக் கடைசியில் விடுங்கள். எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் மாவு நீரை முழுதாகக் குடிக்காது. இரண்டு மடங்காக ஒரு மணி நேரம் ஆகும், குளிர்ந்த அடுக்களையில் ஒன்றரை.

விரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, ஒன்றரை செ.மீ. துண்டாக வெட்டுங்கள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி 15 நிமிடம் விட்டு, 200 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். ஓவன் முழுச் சூட்டுக்கு வருவதற்குமுன் தட்டை உள்ளே தள்ளினால் மாவு சூடேறும் நேரத்தில் தட்டையாகப் பரந்துவிடும்.

"மெத்தென்று இருக்கிறது, பாலில் போட்டதும் கூழாகிவிட்டது" என்பதுதான் அடிக்கடி வரும் புகார். கூச்சுகாய் மெத்தென்று இருக்கவே கூடாது. சுட்டபிறகு ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். பிறகு துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். மூடிய டப்பாவில் சூட்டோடு போட்டால் வேர்த்து இளகிவிடும், இரண்டு நாளில் பூஞ்சையும் வரும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே சுட்டு வைக்கலாம். காய்ந்தது எவ்வளவோ அவ்வளவு நல்லது.

பாலில் போடுவது பரிமாறுவதற்கு 10, 15 நிமிடம் முன்பு. வெளியே இளகி உள்ளே சின்னக் கடிப்பு மிஞ்சியிருக்கும் நிலைதான் இலக்கு.

நெமுனாஸ்கரை

அடுமனைத்திட்டு எழுதியது அத்தனையும் சரி. ஆனாலும் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இந்த இரவுக்கே பெயர் கொடுத்த பதார்த்தம் கூச்சுகாய் அல்ல, கூச்சா. முழுத் தானியத்தை வேகவைத்துத் தேனும் கசகசாவும் கலந்த கஞ்சி. உக்ரைனிலும் பெலாரூஸிலும் குத்யா என்பார்கள். தானிய மணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஸ்லாவிய மொழிகள் வழியாக லித்துவேனியத்துக்கு வந்தது. கிழக்கு ஸ்லாவியர் இதே கஞ்சியைச் சாவு வீட்டிலும் வைப்பார்கள். கோதுமை, பட்டாணி, தேன், கசகசா எல்லாமே முன்னோருக்குப் படைக்கும் பொருள்கள். கடையில் பொட்டலம் பொட்டலமாகக் கூச்சுகாய் கிடைக்கத் தொடங்கியபின் பல மேசைகளில் கூச்சா காணாமல் போய்விட்டது. அதைத் திரும்ப வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பன்னிரண்டில் மிக எளியதும் அதுதான்.

250 கிராம் முழுக் கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, 1 லிட்டர் புது நீரில் சிறுதீயில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். மணி வெடித்து வெள்ளை தெரிய வேண்டும். உடைத்த கோதுமையோ தோல்நீக்கிய கோதுமையோ போட்டால் களியாகிவிடும். பட்டாணி சேர்ப்பதானால் தனியாக வேகவைத்துச் சேருங்கள், இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு. வேகும்போது தேனைச் சேர்க்கக் கூடாது. இனிப்பு சேர்ந்தால் மணி இளகுவது தாமதமாகும், தேனின் மணமும் போய்விடும். ஆறியபின் 3 மேசைக்கரண்டி தேனை ஒரு குவளை வெதுநீரில் கரைத்து ஊற்றி, ஊறவைத்து அரைத்த கசகசா 100 கிராமும் உடைத்த ஹேசல்நட் ஒரு கைப்பிடியும் கலந்தால் முடிந்தது. கசகசாப் பால் வடித்தபின் துணியில் மிஞ்சும் விழுது வீணாகாமல் இதில் போய்விடும்.

காளான்கூடை

உப்பு வகைகளை நான் சொல்றேன். ட்ஸூகியா வட்டாரத்தில் காளான் இல்லாமல் இந்த மேசையே கிடையாது. காளானும் பெர்ரியும் இல்லாவிட்டால் ட்ஸூகியாப் பெண்களுக்கு உடுத்தத் துணியிருக்காது என்று அங்கே பழமொழியே உண்டு, மணல்பூமி அது.

ஔசீதேஸ் என்றால் குட்டிக்காதுகள். காளான் வைத்த சின்னக் கொழுக்கட்டை, பீட்ரூட் சூப்பில் மிதக்கவிடுவது. 50 கிராம் உலர்ந்த பராவீகஸ் (போர்சினி) காளானை 3 மணி நேரம் ஊறவைத்து, அதே நீரில் 40 நிமிடம் வேகவிடுங்க. வெந்த நீரைக் கீழே கொட்டிடாதீங்க, சூப்பின் உயிரே அதுதான். அடியில் மணல் நிற்கும், அதனால் மேலாக ஊற்றித் துணியில் வடிக்கணும். காளானைப் பொடியாக நறுக்கி, ஒரு வெங்காயத்தோடு எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கணும். ஈரம் இருந்தால் கொழுக்கட்டை ஓரம் ஒட்டாது, கொதிநீரில் வாய் திறந்துவிடும்.

மாவுக்கு 250 கிராம் மைதா, 120 மில்லி சுடுநீர், ஒரு கரண்டி எண்ணெய், உப்பு. முட்டை இல்லாததால் சுடுநீர்தான் மாவை இழுபடவைக்கும். பிசைந்து அரைமணி நேரம் மூடிவைத்து, 2 மில்லிமீட்டருக்குத் தேய்த்து, 4 செ.மீ. சதுரமாக வெட்டி, முக்கோணமாக மடித்து, இரண்டு முனையையும் சேர்த்து அழுத்தினால் காது. உப்புநீரில் தனியாக 3, 4 நிமிடம் வேகவைத்துச் சூப்பில் சேர்க்கணும். சூப்பிலேயே வேகவைத்தால் மாவு கரைந்து கலங்கிடும்.

பீட்ரூட்டைத் தோலோடு முழுசாக வேகவைத்து, உரித்துத் துருவி, காளான் நீரில் போட்டு, புளிக்கவைத்த பீட்ரூட் சாறோ கொஞ்சம் வினிகரோ விடுங்க. புளிப்பு சேர்ந்தபிறகு ஒரு கொதிதான். புளிப்பு நிறத்தைப் பிடித்துவைக்கும், தளதளவென்று கொதித்தால் பழுப்பாகிடும்.

உப்பு ஹெர்ரிங் மீனுக்குச் சமையல் புத்தகங்களில் பாலில் ஊறவைன்னு எழுதியிருக்கும். இந்த இரவுக்கு அது ஆகாது. குளிர்ந்த நீரில் 4 முதல் 6 மணி நேரம், இரண்டு தடவை நீர் மாற்றி ஊறவையுங்க. முழு மீனென்றால் ஓர் இரவு. ஆறின கறுப்புத் தேநீரிலும் ஊறவைக்கலாம், சதை இறுகி நிற்கும். பிறகு எண்ணெயில் வதக்கிய கேரட் வெங்காயத்தோடு ஒரு தட்டு, காளானோடு ஒரு தட்டு, பீட்ரூட்டோடு ஒரு தட்டு. மூன்றும் மூன்று பதார்த்தக் கணக்கு.

அடுமனைத்திட்டு

அந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். ஒரே மீனை மூன்று விதமாக வைத்து மூன்று என்று எண்ணுவது பிற்காலப் பழக்கம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பீட்ரூட்டும் மயோனைஸும் அடுக்கிய ஹெர்ரிங் சாலட்டைப் பல மேசைகளில் வைக்கிறார்கள். மயோனைஸில் முட்டை இருக்கிறது. அதை 25ஆம் தேதிக்கு ஒதுக்கிவிடலாமே.

காளான்கூடை

மயோனைஸ் விஷயத்தில் உங்க பக்கம்தான் நான். அதை எண்ணெய் ஊற்றிய சாலடாக மாற்றிடலாம். ஆனால் எண்ணிக்கையில் கொஞ்சம் இளகிப் பாருங்க. ஏழை வீட்டில் ரொட்டி ஒன்று, ஆப்பிள் ஒன்று, கொட்டை ஒன்று, உலர்பழக் கஷாயம் ஒன்று, வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று, புளித்த முட்டைக்கோஸ் ஒன்றுன்னுதான் எண்ணியிருக்காங்க. 12 தனித்தனிச் சமையல் எல்லா வீட்டுக்கும் எப்படி முடியும்?

நெமுனாஸ்கரை

இருவருக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டுக்குச் சொல்லும் காரணம் 12 அப்போஸ்தலர், 12 மாதம். அதற்கு முந்தைய எண் 9 என்று சொல்பவர்களும் உண்டு. எண்ணைவிடக் கண்டிப்பான விதி வேறொன்று: மேசையில் இருப்பது எத்தனையானாலும் ஒவ்வொன்றிலும் ஒரு வாயாவது எல்லோரும் எடுக்க வேண்டும். ஒன்றைத் தொடாமல் விட்டவர் அடுத்த கூச்சோஸைப் பார்க்கமாட்டார் என்பது நம்பிக்கை. அதனால் அளவுதான் கவனிக்க வேண்டியது. 6 பேருக்குப் பன்னிரண்டையும் பெரிய அண்டாக்களில் சமைத்தால் ஐந்தாவதிலேயே வயிறு நிறைந்துவிடும். மீன் ஆளுக்கு ஒரு சிறு துண்டு, ஔசீதேஸ் ஆளுக்கு ஐந்து, கூச்சா இரண்டு கரண்டி. அந்த அளவில் சமையுங்கள்.

என் கருத்து: மீனின் மூன்று தட்டை மூன்றாக எண்ணலாம், ஆனால் கூச்சா, கூச்சுகாய், கிசேலுஸ், ஒரு காளான், ஒரு மீன் இந்த ஐந்தும் இல்லாமல் மற்றவற்றால் பன்னிரண்டை நிரப்பக் கூடாது.

புதுக்கரண்டி

கிசேலுஸ்னா கிரான்பெர்ரி போட்ட கூழ் தானே? அதில் என்ன கஷ்டம்?

அம்மிக்குழவி

கிரான்பெர்ரிக் கிசேலுஸ் எளிது. அரைக் கிலோ பழத்தைப் பிழிந்து சாற்றைத் தனியே வைத்து, சக்கையை 1 லிட்டர் நீரில் கொதிக்கவைத்து வடித்து, சர்க்கரையும் குளிர்நீரில் கரைத்த 2 மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவும் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிப் பச்சைச் சாற்றைக் கலக்க வேண்டும். உருளை மாவைத் தொடர்ந்து கொதிக்கவிட்டால் இளகி நீர்த்துப்போகும். மேலே ஆடை கட்டாமலிருக்கக் கொஞ்சம் சர்க்கரை தூவுங்கள்.

பழையது ஓட்ஸ் கிசேலுஸ். அதில்தான் கைப்பக்குவம் வேண்டும். 500 கிராம் ஓட்ஸில் ஒன்றரை லிட்டர் வெதுநீர் விட்டு, கறுப்பு ரை ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்றைப் போட்டு, வெப்பமான இடத்தில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் புளிக்கவிட வேண்டும். நம் பழைய சோற்று நீர்போல இதமான புளிப்பு வாசனை வரும். குமட்டும் வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள். அடர்த்தியான சல்லடையில் வடித்து, அந்த வெள்ளை நீரை மட்டும் அடிகனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்த வாசனை முழுப் பாத்திரத்துக்கும் ஏறிவிடும். கரண்டியில் ஒட்டிக் கனமாக வழியும்போது கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டால் துண்டு போடும் பதத்துக்கு இறுகும். தேன்நீரோ கசகசாப் பாலோ ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

வைக்கோற்கூரை

சமையலுக்கு நடுவே மேசைக்கு மேலே தொங்குவதை மறந்துவிடாதீர்கள். சோதஸ் என்று பெயர், தோட்டம் என்று பொருள். பன்மையில் சோதாய். ரை வைக்கோலை நூலில் கோத்துச் செய்யும் தொங்கல். கல்யாண மேசைக்கு மேலும் கட்டுவார்கள். இந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2023இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ரை வைக்கோலை அரிவாளால் கையில் அறுத்ததாக வாங்குங்கள். அறுவடை இயந்திரம் தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய தண்டில் நூலும் ஏறாது, பலமும் இராது. முழுக்க முற்றுமுன் அறுத்தால் வளைந்துகொடுக்கும். முற்றியது பொன்னிறம், ஆனால் உடையும். கணுக்களை வெட்டி எறிந்து, இடைப்பகுதியை மட்டும் எடுத்து, இலையுறையை உரித்து, தடிமன்வாரியாகப் பிரித்து வையுங்கள். தடிமன் கலந்துவிட்டால் சோதஸ் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கும். கோப்பதற்குமுன் வெதுநீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போதே நீளவாக்கில் பிளக்கும்.

அடிப்படை வடிவத்துக்குச் சம நீளமுள்ள 12 தண்டு வேண்டும். முதலில் 4 தண்டைக் கோத்து முடிந்தால் ஒரு சதுரம். அதன் ஒரு பக்கத்து இரு மூலைகளுக்கிடையே 2 தண்டைக் கோத்துக் கட்டினால் முக்கோணம் எழும். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே 2. இரண்டு உச்சியையும் சேர்த்துக் கட்டினால் கூம்பு. சதுரத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு 4 தண்டால் அடிக்கூம்பு. இப்போது இரட்டைக் கூம்பு வந்துவிட்டது. பெரியது 20 செ.மீ. தண்டில் என்றால், அதன் நடுவில் 10 செ.மீ. தண்டில் ஒன்று, நான்கு மூலையிலும் அடியிலும் அதே 10 செ.மீ. அளவில் ஒவ்வொன்று, அவற்றின் நுனியில் 5 செ.மீ. குட்டிகள். ஒவ்வொரு படியிலும் பாதிப்பாதியாகக் குறைப்பதுதான் அழகு.

ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சதுரம் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஓர் அட்டையில் கோடு போட்டு, அதன்மேல் வைத்தே வெட்டுங்கள். லினன் நூல் நல்லது, நைலான் நூல் முடிச்சில் வழுக்கும். இழுத்துக் கட்டினால் ஈரத் தண்டின் வாய் கிழியும், தொய்வாக விட்டால் காய்ந்தபின் ஆடும். தண்டு காய்ந்தபிறகு எல்லா முடிச்சையும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். எரியும் மெழுகுவர்த்திக்கு நேர்மேலே தொங்கவிடவே கூடாது. மேசையில் எழும் வெப்பத்தில் சோதஸ் தானாக மெல்லச் சுழலும், அதைப் பார்ப்பதற்காகவே சிலர் விளக்கைக் குறைப்பார்கள்.

காளான்கூடை

சாப்பிட்டு முடிந்ததும் குறி பார்க்கிறதைச் சொல்லுங்களேன், வைக்கோற்கூரை ஐயா.

வைக்கோற்கூரை

துணிக்கு அடியிலிருந்து பார்க்காமல் ஒரு புல்லை உருவுவார்கள். நீளமென்றால் நீண்ட ஆயுள். கல்யாணமாகாத பெண்ணுக்கு நீளமாக மெலிந்தது வந்தால் உயரமான ஒல்லி மாப்பிள்ளை. ஒரு கை நிறையக் கூச்சுகாயை அள்ளி எண்ணி, இரட்டைப்படை வந்தால் அந்த வருடம் ஜோடி சேரும். விறகை அணைத்து அள்ளிவந்து எண்ணுவதும் அதே கணக்கு. உருகிய மெழுகைக் குளிர்ந்த நீரில் ஊற்றி உருவம் பார்ப்பார்கள். இதற்கு ஆழமான பாத்திரத்தில் மிகக் குளிர்ந்த நீர் வேண்டும். ஆழமில்லாவிட்டால் மெழுகு தட்டையாகப் பரவும், எந்த உருவமும் தெரியாது. மெழுகைத் தனிப் பாத்திரத்தில் நேரடித் தீயில் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள்.

அந்த நள்ளிரவில் வீட்டு விலங்குகள் மனித மொழி பேசும் என்பார்கள். ஒட்டுக்கேட்பது ஆகாது, கேட்டவருக்குத் தம் சாவுச் செய்திதான் காதில் விழுமாம். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள்.

புதுக்கரண்டி

மீந்த சாப்பாட்டை அன்று இரவே எடுத்து வைக்கணுமா?

நெமுனாஸ்கரை

எடுக்கக் கூடாது. மேசையை அப்படியே விட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். வேலேஸ், அதாவது இறந்தவர்களின் ஆன்மாக்கள், இரவில் வந்து உண்ணும் என்பதற்காக. மீனும் சூப்பும் கெட்டுப்போகும் என்று தயங்குகிறவர்கள் அவற்றை எடுத்துக் குளிரில் வைத்துவிட்டு, கூச்சா, கூச்சுகாய், ரொட்டி, ஆப்பிள் ஆகியவற்றை மட்டும் விட்டுவைக்கலாம். கூச்சாவை மேசையிலிருந்து எடுக்காதீர்கள், இந்த இரவில் அது அவர்களுக்கான கிண்ணம். சாப்பாடு முடியுமுன் நடுவில் யாரும் எழுந்து நடமாடக் கூடாது என்பதும் அதே மேசைக்குரிய விதி. அதனால் சமைப்பவர் எல்லாத் தட்டையும் முன்பே மேசைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சூப்பைக்கூட மூடிபோட்ட பாத்திரத்தில் மேசையிலேயே வையுங்கள்.

சோவியத் காலத்தில் கிறிஸ்துமஸ் வேலைநாள். இந்தச் சாப்பாடு திரைச்சீலை இழுத்த வீடுகளுக்குள் நடந்தது. இப்போது 24ஆம் தேதியே அரசு விடுமுறை, பகல் முழுக்கச் சமைக்க நேரம் இருக்கிறது.

மறுநாள் காலை புல்லை எடுத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுவார்கள். மாடில்லாத வீட்டார் ஆப்பிள் மரத்தடியில் போட்டுவிடலாம். ஆப்பிள் மரத்தின் அடியை வைக்கோல் கயிற்றால் சுற்றிக் கட்டுவதும் இந்த நாட்களில்தான், அடுத்த வருடம் நன்றாகக் காய்க்க வேண்டும் என்று. கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். வசந்தத்தில் தண்டு பருக்கத் தொடங்குமுன் அவிழ்த்துவிடுங்கள், மறந்தால் பட்டை வெட்டுப்படும்.

அடுமனைத்திட்டு

துணியை உதறும்போது ஒரு கவனிப்பு. புல்தூசியும் கூச்சுகாய்த் துணுக்கும் லினன் நெசவில் புகுந்துவிடும். முதலில் வெளியே உதறி, உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிட்டு, பிறகுதான் நனைக்க வேண்டும். பீட்ரூட் கறைக்கு உடனே குளிர்ந்த நீர், சுடுநீர் பட்டால் நிலைத்துவிடும்.